பிறைக் கணக்கில் மிஞ்சிய நாட்கள்

கண்டக்குழி
2023 ஆகஸ்ட் 4

அன்புத் தங்கச்சி றஹ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கையெழுத்தைக் கண்டு பதறாதே, நான் சுகம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் என்றால் உன்னோடு மட்டும் கதைக்க ஏலாது. புருஷனை இழந்து நான் இத்தா இருக்கிற அறையில் விடிந்ததிலிருந்து ஆளுக்குக் குறைவில்லை. நான் ‘ஹலோ’ என்றதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காதைத் திறக்கிறார்கள். அவர்கள் போனாலும் அலீமா இருக்கிறாள். பக்கத்து வளவு அலீமாதான், ஃபாஹிம் அவளைத் துணைக்கு வைத்திருக்கிறான். நான் சோற்றில் எவ்வளவு மிச்சம் வைத்தேன் என்பது வரை கொழும்பில் இருக்கிற மகனுக்குச் செய்தி போகிறது. கடிதம் என்றால் மட்டும், அனுதாபம் சொன்னவர்களுக்குப் பதில் எழுதுகிறேன் என்று நினைத்து அவளே தபாலில் போட்டுவிட்டு வருகிறாள்.

மௌத்து வீட்டுக்கு நீ வந்த அன்று உன்னைக் கட்டிப்பிடித்ததோடு சரி. ஐந்து வருஷத்துக்குப் பிறகு கண்டும் ஒரு வார்த்தை கதைக்கக் கிடைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாய். கோபம் இன்னும் ஆறவில்லையோ?

ஃபாஹிம் தன் வாப்பாவைப் பற்றி இங்கிலீஷ் பேப்பரில் எழுதியிருக்கிறான், யூனிஃபோம் போட்ட படத்தோடு. மகள் றிஸ்மியா எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். மேஜர் ஜவாஹிர் நேர்மையான அதிகாரி, குடும்பத்தையே உயிராக வைத்திருந்தவர். ஒரு சொல்லும் பொய் இல்லை. பிள்ளைகளின் சப்பாத்துகளை வரிசையாக வைத்து அவரே பொலிஷ் பண்ணியது இருக்கிறது. சின்னவன் றுமைஸுக்கு இழுப்பு வந்த காலம் பதவி உயர்வை வேண்டாம் என்றுவிட்டுப் புத்தளத்துக்கு மாற்றம் கேட்டு வந்தது இருக்கிறது. பட்டாளத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு வெங்காயம் வெட்டித் தந்ததை மட்டும் விட்டுவிட்டான். என்னைப் பற்றி ‘அன்பு மனைவி மர்ளியா’ என்று இருக்கிறது. அதுவும் உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகச் சொன்னது உனக்குத் தெரியாது. ஃபாஹிமும் றிஸ்மியாவும் கட்டிலடியில் நின்றார்கள், றுமைஸ் கட்டாரிலிருந்து போனில் இருந்தான். “உம்மாவ ஒரு ராவும் தனிய விடப்படாது. இது ஓடர்” என்றார். மூன்று பேரும் “ஓம் வாப்பா” என்றார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இத்தா முடிந்ததும் என்னைத் தெஹிவளைக்கு, ஃபாஹிமின் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம். ஆறாவது மாடி. லிஃப்டுக்கு ஒரு காட் வேண்டுமாம். எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறானாம், ஆனால் தனியே இறங்க வேண்டாமாம். இந்த வீட்டை, கடலில் பட்டம் கட்டி ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்கு லொட்ஜ் நடத்துகிறவர் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் பாசத்தில்தான் செய்கிறார்கள்.

எனக்குப் போக விருப்பமில்லை, றஹ்மா. இதை வேறு ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

உன் ராத்தா
மர்ளியா

*

சிலாவத்துறை
2023 ஆகஸ்ட் 16

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கோபம் ஆறவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறவில்லை. மௌத்தானவர் மேல் கோபப்படக்கூடாது என்று ஸஜீத் சொல்கிறார். அப்படியென்றால் உங்கள் மேல் கோபப்படுகிறேன், நீங்கள் உயிரோடுதானே இருக்கிறீர்கள்.

மகள் ஸம்ஹாவின் கல்யாணம் எனக்கு மறக்காது. பெரியம்மா வருவா, பெரியம்மா வருவா என்று பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சான் மட்டும் இறங்கினார். கையில் உங்கள் சார்பில் ஒரு சோடிக் காப்பு. கல்யாண வீட்டுக்கு வந்த மனிதர் காணியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “மிதிவெடி எல்லாம் எடுத்து முடிஞ்சிதா?” என்று ஸஜீதிடம் கேட்கிறார்! சண்டை முடிந்து எத்தனையோ வருஷம். எங்கள் பிள்ளைகள் அந்த மண்ணில்தான் கிளித்தட்டு விளையாடுகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “ராத்தாவ வீட்டுக்காவல்ல வெச்சிருக்கீங்க மச்சான்” என்று சபையில் சொல்லிவிட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு ஜீப்பில் ஏறினார். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை.

ஆனாலும் ராத்தா, அவரை வெறுக்கவும் ஏலாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தொண்ணூறில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த சனம் கற்பிட்டியில் தென்னங்கிடுகுக் கொட்டிலில் கிடந்தபோது, லீவில் வந்த மச்சான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார். அங்கேதான் ஸஜீதைக் கண்டார். அகதிக்குப் பெண் கொடுப்பதா என்று ஊரே வாயில் கை வைத்தபோது, “பொடியன் நல்லவன், நான் பொறுப்பு” என்று முன்னுக்கு நின்றவரும் அவர்தான். எனக்கு இந்த வாழ்க்கையைத் தந்தவரே, நான் அதைக் கொண்டு என் புருஷனின் ஊருக்குத் திரும்பியபோது முகத்தைத் திருப்பினார்.

விருப்பமில்லை என்றால் ‘வரமாட்டேன்’ என்று ஃபாஹிமிடம் சொல்லுங்கள். ஒரு சொல்தானே. அல்லது இங்கே வாருங்கள். கோழியும் இருக்கிறது, கதைக்க நானும் இருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி
றஹ்மா

*

கண்டக்குழி
2023 செப்டெம்பர் 9

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒரு சொல்தானே என்கிறாய். அந்தச் சொல்லை நான் ஒரு தரமும் சொல்லிப் பழகவில்லையே.

நீ நினைப்பது மாதிரி அவர் என்னை அதட்டி வைத்திருக்கவில்லை. அதட்டியிருந்தால் ஸம்ஹாவின் கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வந்திருப்பேன். றுமைஸ் பால் மறந்த வருஷம் ஒரு நாள், தையல் நூல் வாங்க நான் தனியே பஸ் ஏறிப் பாலாவிக்குப் போனேன். சண்டை உச்சத்தில் இருந்த காலம். அவர் பட்டாளத்தில் இருப்பதையே நாங்கள் வெளியில் சொல்வதில்லை. பிள்ளைகளிடம் யாரும் கேட்டால், வாப்பாவுக்கு அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை என்று சொல்லப் பழக்கியிருந்தார். அவரால் எங்களுக்கு ஒன்று நடந்துவிடும் என்ற பயம். வெங்காய லொறியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து லீவுக்கு வந்த நாட்கள் உண்டு. அன்றும் அப்படித்தான் சொல்லாமல் வந்திருக்கிறார். வீட்டில் நான் இல்லை.

பாலாவிச் சந்தியில் என்னைக் கண்டுபிடித்தார். நான் நூல் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வந்து என் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். எத்தனையோ பேரை நடத்திய மனிதர், சட்டைப்பையில் இருந்து பஸ் காசை எடுக்க முடியாமல் நின்றார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் தனியே வெளிக்கிடவில்லை. அவர் தடுக்கவில்லை, றஹ்மா. நான் கேட்கவில்லை. சண்டை முடிந்தது, அவர் ஓய்வு பெற்றார், முடி நரைத்தது. மீன் அவர் வாங்கினார், மருந்து அவர் வாங்கினார், என் செருப்பின் அளவு அவருக்குத்தான் தெரியும்.

இப்போது ஒன்று சொன்னால் சிரிக்கக்கூடாது. எனக்கு இந்த இத்தா பிடித்திருக்கிறது. நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டாமல் இருக்கிற பெண் மேல் ஊருக்கே இரக்கம். எனக்கோ, புருஷன் வீட்டை விட்டு என்னை அசைக்க ஒருவருக்கும் உரிமை இல்லாத நாட்கள் இவை மட்டும்தான். மார்க்கமே எனக்குக் காவல் நிற்கிறது. சில நாள் அலீமா வெங்காயத் தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போனால், அஸர் தொழுகை நேரம் வரை வீட்டில் நானும் சுவரும். அப்போதும் நிம்மதியாக இருக்க விடுகிறார்களா? பத்து மணிக்கு றுமைஸ், இரண்டு மணிக்கு றிஸ்மியா, பொழுது சாய்ந்து மஃரிபுக்கு ஃபாஹிம் என்று வாப்பாவின் போனுக்கு எடுப்பார்கள். எடுக்காவிட்டால் கண்டக்குழியையே கிளப்பிவிடுவார்கள். அது அவர் பழக்கிவிட்டுப் போன முறை.

ஃபாஹிம் கலண்டரில் நவம்பர் பதினைந்தைச் சுற்றி வட்டம் போட்டு, பாங்கில் லீவும் எடுத்துவிட்டான். அந்த நாள் வரக்கூடாது என்று நான் துஆக் கேட்கிறேன். இத்தா முடியக்கூடாது என்று கேட்கிற முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

உன்னிடம் வா என்கிறாய். உன் வீடு நல்ல வீடுதான். ஆனால் அதுவும் இன்னொருவர் வீடு.

மர்ளியா

*

சிலாவத்துறை
2023 அக்டோபர் 3

ராத்தா,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு கலண்டரைப் பார்த்தேன். நவம்பர் பதினைந்து என்று எந்த மௌலவி சொன்னார்?

மச்சான் வபாத்தானது ஜூலை ஐந்து. உங்கள் மகன் ஜூலை, ஆகஸ்ட் என்று பாங்குக்காரன் மாதிரி எண்ணியிருக்கிறான். இத்தாவுக்குப் பிறைக் கணக்கு அல்லவா பார்க்க வேண்டும்? பிறை மாதம் சின்னது. ஸஜீத் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டு வந்தார். உங்கள் இத்தா நவம்பர் பத்து, பதினொன்றிலேயே முடிந்துவிடுகிறது.

ஊரில் ஒருவருக்கும் இது தெரியாதா என்று ஸஜீத் கேட்டார். தெரியும். ஆனால் மேஜரின் மகன் வட்டம் போட்ட திகதியை யார் போய்த் திருத்துவது? றிஸ்மியா, தன் நானா ஃபாஹிம் சொன்னால் சரி என்று இருப்பாள். வாப்பா போட்ட திகதியை ஒருவரும் மாற்றாத வீடுதானே அது.

நான் ஃபாஹிமுக்குச் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அந்த நாலைந்து நாள் உங்களுடையது. வெள்ளைச் சேலையை மாற்றிவிட்டு எங்கேயாவது போய் வாருங்கள்.

றஹ்மா

*

கண்டக்குழி
2023 அக்டோபர் 22

றஹ்மாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். குர்ஆன் வகுப்புக்கு ஒளித்துத் திரிந்த காலத்தில் நீ எனக்குச் சொல்லித் தந்த களவுகள் எல்லாம் ஞாபகம் வந்தன. அறுபத்திரண்டு வயதில் நான் எங்கே போவது? போவதற்கு ஒரு இடம் வேண்டாமா?

நேற்று ஃபாஹிம் வந்து அலுமாரியில் இருந்த வாப்பாவின் உடுப்புகளைப் பிரித்து மடித்தான். அவர் மடிக்கிற மாதிரியே, ஓரத்தோடு ஓரம் வைத்து. பின்பக்கம் பார்த்தால் அவரேதான். ‘நான் வரல்ல மகன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் திரும்பி, “உம்மா, ஒங்கட அறைக்கு ஏசி போட்டாச்சு” என்று சிரித்தான். திறந்த வாயால் ‘நல்லது மகன்’ என்றேன். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்ப வழியில்லை, றஹ்மா. கெட்டவனாக இருந்தால் ஊரே எனக்காகக் கதைக்கும்.

மர்ளியா

*

கண்டக்குழி
2023 நவம்பர் 14

அன்புத் தங்கச்சி,

போனேன்.

பதின்மூன்றாம் திகதி காலையில் அலீமா களை பிடுங்கப் போனதும் ஊதாச் சேலையைக் கட்டி, அபாயாவைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். வாசலில் கால் வைக்கிறபோது உடம்பு வேர்த்துவிட்டது. வீதிக்குப் போய் நின்று, வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டினேன். நிற்பாட்டினான். இவ்வளவுதானா என்று இருந்தது.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாலாவி வரை பார்த்துக்கொண்டே போனேன். நுரைச்சோலையில் எவ்வளவு புதுக் கடைகள்! அவரோடு ஜீப்பில் போகும்போது நான் அவர் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன் போல. பத்து மணிக்குக் கைப்பையில் இருந்த அவர் போனுக்கு றுமைஸின் அழைப்பு வந்தது. பஸ் ஹோன் அடிக்கிறான், பாட்டு வேறு. “என்ன உம்மா சத்தம்?” என்றான். “அலீமா தேங்காய் அரைக்கிறா மகன், மெசின் பழசு” என்றேன். பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

புத்தளம் வரை போகிற எண்ணம். ஆனால் பாலாவிச் சந்தியைக் கண்டதும் இறங்கிவிட்டேன். உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. நின்று கொஞ்ச நேரம்கூட இருக்காது, ஓட்டோ ஒன்று வந்து முன்னால் நின்றது. பண்டார. முன்பு பட்டாளத்தில் அவருக்குக் கீழே கோப்ரலாக இருந்தவன். எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறான்.

“மெடம் தனியவா வந்தது? சேர் எங்க?”

மௌத்துச் செய்தி அவனுக்குத் தெரியாது என்று விளங்கியது. மகளின் பிரசவத்துக்கு என்று மாதக் கணக்கில் மொனராகலையில் இருந்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறான். நான் பேசாமல் நின்றதும் அவன் போனை எடுத்தான். “சேர் எப்பவோ சொல்லித்தான் வெச்சிருக்கு. மெடம் தனியா சந்தியில நின்டா ஒடனே கோல் எடுக்கச் சொல்லி” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான்.

என் கைப்பையில் மணி அடித்தது.

நான் எடுத்தேன். வேறு என்ன செய்வது? அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன், இரண்டு பேர் காதிலும் போன். “சேர் மௌத்தாப் போய்ட்டார் பண்டார” என்று போனிலேயே சொன்னேன். அவன் ஓட்டோவை விட்டு இறங்கி, சந்தி நடுவில், லொறிக்காரன் ஹோன் அடிக்க அடிக்க, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். என்னால் அழ முடியவில்லை. சுற்றிவர ஆட்கள் கூடிவிட்டார்கள். தனக்கும் மேஜர் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார் என்றான் சந்தி மருந்துக் கடைக்காரன்.

றஹ்மா, எனக்கு அப்போது தெரிந்தது. இத்தனை வருஷமும் அந்த வீதி முழுக்க எனக்குக் கண் வைத்திருக்கிறார். மருந்துக் கடைக்காரன், பண்டார, இன்னும் யார் யாரோ. நான் ஒரு நாளும் வெளிக்கிடவில்லை, அவர்களும் ஒரு நாளும் அழைக்கவில்லை. இருந்தும் அவர் நிற்பாட்டச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என் வாழ்நாளில் அவர் மேல் எனக்கு வந்த முதல் கோபம், சந்தியில், அவர் கபுறுக்குப் போன பிறகு.

பண்டார கண்ணைத் துடைத்துவிட்டு, “மெடத்துக்கு எங்க போகணும்?” என்று கேட்டான்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வி. நான் யோசித்தேன், யோசித்தேன். ஒரு இடமும் மனதில் வரவில்லை. “வீட்டுக்குத்தான்” என்றேன். ஓட்டோ வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றேன். அவன் கற்பிட்டி பஸ்ஸை மறித்து, கொண்டக்டரிடம் குனிந்து ஏதோ சொல்லி, என்னைக் கை காட்டினான். கண்டக்குழியில் நான் கேட்காமலே பஸ் நின்றது. கொண்டக்டர் இறங்கி, என் வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போனான்.

நாளைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஃபாஹிம் வேன் பேசிவிட்டான். எப்படிச் சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை.

மர்ளியா

*

சிலாவத்துறை
2023 நவம்பர் 25

ராத்தா,

என்ன சொன்னீர்கள்? ஃபாஹிம் எனக்கு எடுத்து, “சாச்சி, நீங்கதான் உம்மாக்கு சொல்லிக் குடுத்தீங்களா?” என்று கத்தினான். இல்லை என்று சத்தியம் பண்ணினேன், அல்லாஹ் மன்னிக்கட்டும், முக்கால்வாசி உண்மைதானே. பிறகு கத்தினவன் அழத் தொடங்கிவிட்டான். வாப்பா கடைசியாய்க் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூடச் செய்ய முடியாத பிள்ளையாகிவிட்டேன் என்று. அவனைத் தேற்றி முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அவன் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் எல்லாம் போய்விட்டது.

ஊரில் வேறு கதை. உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு கூட்டம், நான் செய்வினை செய்துவிட்டேன் என்று இன்னொரு கூட்டம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? கண்டக்குழி விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

றஹ்மா

*

கண்டக்குழி
2023 டிசம்பர் 13

அன்புத் தங்கச்சி றஹ்மாவுக்கு,

நான் இங்கேதான் இருக்கிறேன். பதில் எழுதப் பிந்திவிட்டது, எழுத ஒரு நிமிஷமும் தனியாகக் கிடைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வேன் வாசலில் நின்றது. பெட்டிகளை றிஸ்மியா கட்டிவிட்டாள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. “நான் வரல்ல மகன்” என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே வியப்பாக இருந்தது, அது அவ்வளவு சின்னச் சொல். “வாப்பாட ஓடர் உம்மா” என்றான் ஃபாஹிம். “ஓடர் ஒங்களுக்குத்தான் போட்டார். நான் அவர்ட பட்டாளத்தில இல்ல” என்றேன். வேன்காரன் சிரித்துவிட்டான். ஃபாஹிம் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றான், சாப்பிடவும் வரவில்லை.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். என் பிள்ளைகளை எனக்குத் தெரியாமல் போனது. ஒரு இரவும் தனியே விடக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? உம்மா வராவிட்டால் என்ன, நாங்கள் போகிறோம் என்று ஃபாஹிமும் றிஸ்மியாவும் முறை போட்டுக்கொண்டார்கள். வெள்ளி, சனி ஃபாஹிம். கிழமை நடுவில் றிஸ்மியா, குருநாகலில் இருந்து இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. மற்ற நாள் அலீமா. முன்பு ஒரு காவல், இப்போது மூன்று. றிஸ்மியா படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து, விடியுமுன் எழும்பி ஓடுகிறாள். மருமகன் இப்போது வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போகிறார். மகளின் கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. நான் வேண்டாம் என்றால், “வாப்பாக்கு ஓமெண்டு சொன்னோம்” என்கிறாள். என்னை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று இத்தனை நாளும் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர்களும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

நேற்று றிஸ்மியாவின் முறை. நல்ல மழை. அலீமா பேரப்பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் புத்தளம் போய்விட்டாள். லுஹர் தொழுது எழும்புகிறேன், றிஸ்மியா எடுக்கிறாள். சின்னவனுக்குக் காய்ச்சல், உடம்பு கொதிக்கிறது. அழுகிறாள். “இண்டைக்கு என்னால வர ஏலாது உம்மா. நானாவும் கொழும்பில. வாப்பாட வாக்க மீறுறனே, நான் என்ன செய்வன்?”

“மகள்,” என்றேன், “நீ மீறல்ல. நான் வர வேணாமெண்டு சொல்றன். நீயும் நானாவும் இனி முறை பார்த்து வர வேணாம். ஆசைப்பட்டா வாங்க, ஆக்கி வெப்பன். வாப்பாட வாக்க மீறினது நான். மறுமையில அவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கொள்றன்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, “தனிய இருப்பீங்களா உம்மா?” என்று சின்னக் குரலில் கேட்டாள். “ஓம்” என்றேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நாளாய் அந்த மூச்சைப் பிடித்து வைத்திருந்தாளோ, என் பிள்ளை.

போனை வைத்துவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்தேன். கூரையில் மழை. ஒருவரும் இல்லை. அப்போதுதான் றஹ்மா, எனக்கு அழுகை வந்தது. அவர் மௌத்தான நாளிலிருந்து நான் ஒழுங்காக அழவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கண் கலங்கினால் தண்ணீர் கொண்டுவருவார்கள், முதுகைத் தடவுவார்கள், ஸபூர் செய்யுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நேற்று ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாய் விட்டு அவர் பெயரைச் சொல்லி அழுதேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமே எங்களுக்குள் இல்லை. ஜவாஹிர், ஜவாஹிர் என்று வீடு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டேன். எவ்வளவு நல்ல மனிதர். என்னை எவ்வளவு நெருக்கினார். இரண்டையும் சேர்த்து அழுதேன்.

இரவு சாப்பிட்டேன், தொழுதேன், படுத்தேன். விடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எழும்பி உனக்கு எழுதுகிறேன்.

தை மாதம் உன் வீட்டுக்கு வருவேன், ஒரு கிழமை இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பஸ்ஸில்தான் வருவேன், அனுராதபுரம் சுற்றி. கூட்டிப்போக ஒருவரையும் அனுப்பாதே.

மறுமையில் அவர் கட்டாயம் கேட்பார், எனக்குத் தெரியும். முதலில் ஸலாம் சொல்வேன். பிறகு ஒரு நல்ல சண்டை பிடிப்பேன். சேர்ந்து வாழ்ந்த வருஷங்களில் நாங்கள் ஒரு தரமும் பிடிக்காத சண்டை அது.

உன் ராத்தா
மர்ளியா